குறட்டைத் தகடு

கூடாரம் ஐந்து பேருக்கானது என்று அதன் உறையிலேயே அச்சடித்திருந்தது. ஐந்து பேர் படுக்கலாம்தான். படுப்பது வேறு, தூங்குவது வேறு என்பதைப் போன வருடக் குளிர்காலத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அந்தப் பல் லேப்பில் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் நன்றாகத் தூங்கினார்.

பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் பல் செய்து திருப்பி அனுப்புவதுதான் அந்த லேப்பின் வேலை. முன்னறையில் வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் கழுத்தை வளைத்த ஒரு விளக்கு. பின்னறையில் தண்ணீர்த் தொட்டியும் பிளாஸ்டர் மாவு மூட்டைகளும். அங்கே யாரும் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிட்டதில்லை. மெழுகில் பல் செதுக்குகிறவன் மெழுகு. உலோகம் உருக்குகிறவன் உலை. தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் பாலிஷ். வேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவன் டெலிவரி. பின்னறையில் மாவைக் குழைத்து ஊற்றிப் பல் அச்சு வார்க்கிறவர் மாவு. காலையில் வேலையை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மாவுக்குப் புருவம் நரைத்துவிடும். சாயங்காலம் முகம் கழுவினால் பத்து வயது குறைந்துவிடும்.

இந்த மாவும் மெழுகும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் மாவு, தங்கையைக் கட்டியவன் மெழுகு. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த மெழுகை லேப்புக்குள் கொண்டுவந்து விட்டதும் மாவுதான். "கை நல்ல கை, ஒரு மாசம் பாருங்க" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். இதையெல்லாம் மெழுகு மறந்துவிடவில்லை. மறக்காமலேதான் பின்னால் நடந்ததைச் செய்தான். அதுதான் கேவலம்.

பாலைவனத்துக்குப் போகிற யோசனை வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்கியதும் வரும். மற்ற மாதங்களில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. எங்கே தங்குவது, எவ்வளவு தண்ணீர், எத்தனை கட்டு விறகு, மணலில் இறங்குமுன் டயரில் எவ்வளவு காற்றை விடுவது எல்லாவற்றையும் திட்டம் போடுகிறவன் மெழுகு. அந்த இரண்டு வாரம் மட்டும் அவனை எல்லோரும் "தலைவரே" என்பார்கள். வெளியில் கூச்சப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது திட்டம் தொடங்கியது. மாவு பின்னறையில் அவசரமாக ஓர் அச்சு வார்த்துக்கொண்டிருந்தார். டெலிவரி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"ஒண்ணு சொல்லிடறேன். அவர் வர்றதா இருந்தா வண்டியை வேற யாராவது ஓட்டிக்குங்க."

ஒருவரும் "யார்" என்று கேட்கவில்லை.

போன வருடம் மாவு விட்ட குறட்டையைச் சாதாரணக் குறட்டை என்று சொல்வது அதை அவமதிப்பதாகும். ஏறும், இறங்கும், நடுவில் அடங்கிவிடும். 'அப்பாடா' என்று கண்ணை மூடினால் அடைப்பு எடுத்த குழாய்போல் மறுபடி கிளம்பும். நான்கு பேரும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, தணலைச் சுற்றி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது டெலிவரிக்குக் கண் சொருகியது. வேன் தடத்தை விட்டு விலகிப் புதைமணலில் சக்கர அச்சுவரை இறங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் குதித்தவர் மாவுதான். தூங்கி எழுந்த தெம்பில் பாட்டுப் பாடிக்கொண்டே தோண்டினார், தள்ளினார், கரை சேர்த்தார். "ஏம்ப்பா எல்லாரும் இப்படி வாடிப்போயிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "குளிருண்ணே" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ரெண்டு கூடாரமா எடுத்துட்டா?" என்றான் பாலிஷ். அவனுக்கு இளகிய மனசு, அதாவது இரண்டு நிமிடம் தாங்குகிற இளகிய மனசு.

"அந்தக் குளிர்ல அவரை மட்டும் தனியா போட்டா விறைச்சுப் போயிடுவாரு," என்றான் உலை. "அதோட, அந்தச் சத்தத்தைத் துணியா தடுக்கப்போகுது?"

"அப்போ அவர்கிட்ட யார் சொல்றது?"

மூன்று முகங்களும் மெழுகின் பக்கம் திரும்பின.

"உங்க சகலைதானே, தலைவரே. நீங்க பேசினாத்தான் எடுபடும்."

அந்தத் 'தலைவரே' வேலை செய்தது. "சரி, நான் பக்குவமா சொல்லிக்கறேன்," என்று பெரிய மனுஷன்போல் தலையாட்டி வைத்தான். அவனுக்கு எப்போதுமே வாய்தான் எதிரி.

பின்னறையில் மாவு அச்சுத் தட்டை அதிரும் மேசையின் மேல் பிடித்துக்கொண்டு, குழைத்த மாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிட்டால் பல்லில் ஓட்டை விழும் என்பதால் அந்த வேலையில் அவர் அவசரமே காட்டமாட்டார். மெழுகைப் பார்த்ததும் வெள்ளைப் புருவத்தை உயர்த்திச் சிரித்தார்.

"வா வா. தார்ப்பாய் ரெண்டு தோது பண்ணி வெச்சிருக்கேன். போன தடவை அடியில ஈரம் ஏறிடுச்சுல்ல? தண்ணி கேனையும் கழுவிக் காயப்போட்டாச்சு. எப்போ கெளம்பறோம்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'அண்ணே, உங்க குறட்டையில யாராலயும் தூங்க முடியலை.' வழியில் அதை மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

"அது வந்துண்ணே... முதலாளி லீவு தரலை."

"யாருக்கு?"

"யாருக்குமே. வேலை நிறைய கிடக்குதாம். இந்த வருஷம் பயணம் இல்லைண்ணே."

மாவு மேசையின் அதிர்வை நிறுத்தினார். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. ஆனால் தனக்காக இறங்கவில்லை. ஈரக் கையோடு வந்து மெழுகின் தோளைத் தட்டினார்.

"அடடா. நீதான் பாவம், ராவும் பகலும் உக்காந்து பிளான் போட்டிருப்பே. அதுக்காக மூஞ்சியைத் தொங்கப்போடாத. அடுத்த வருஷம் ஜமாய்ச்சுடுவோம்."

சட்டைத் தோளில் ஐந்து விரல் மாவு ஒட்டியது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்த மெழுகு, "சொல்லிட்டேன்" என்றான். என்ன சொன்னான் என்பதையும் சொன்னான். "அட, இது இன்னும் நல்ல யோசனை" என்றான் உலை. மெழுகும் அப்படித்தான் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். மனசு நோகாமல் முடிந்துவிட்டது, அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு திட்டம் திருட்டுத்தனமாக நடந்தது. ரகசியம் பேசிப் பழக்கமில்லாத வாய்கள் அவை. மாவு தட்டோடு முன்னறைக்கு வந்தால் பேச்சு பாதியில் அறுந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். அவர் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். முன்பெல்லாம் ஒரு கதையாவது சொல்லிவிட்டுப் போகிறவர். அது மெழுகின் கண்ணில் படத்தான் செய்தது. வேலையில் குனிந்துகொண்டான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காலையில், வரிசையில் வெகுநாளாகக் கிடந்த ஒரு தட்டு அவனுக்கு அடுத்த வேலையாக வந்தது. மேல் பல் அச்சு ஒன்று, கீழ்ப் பல் அச்சு ஒன்று. கூட ஒரு சீட்டு: 'குறட்டைத் தகடு.' மருத்துவர் பெயரும் இல்லை, நோயாளி பெயரும் இல்லை. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற தகடு அது. தூங்கும்போது கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; தொண்டை அடைக்காது, சத்தம் குறையும். எப்போதாவது ஒன்று செய்யக் கேட்டு வரும்.

மெழுகு சீட்டை உரக்கப் படித்ததும் முன்னறைக்குக் கொண்டாட்டம் வந்துவிட்டது.

"எந்தப் புண்ணியவானோ! வீட்டுல சோறு போட மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க," என்றான் பாலிஷ்.

உலை அச்சை வாங்கித் தன் காதருகே வைத்துக்கொண்டு, "இப்பவே கேக்குது" என்றான்.

மெழுகு சும்மா இருந்திருக்கலாம். அவன்தான் தலைவனாயிற்றே. மேல், கீழ் அச்சு இரண்டையும் கையில் பிடித்து வாய்போல் திறந்து மூடிக்கொண்டு, கர்ர், புர்ர் என்று ஒரு முழுக் குறட்டையையும் விட்டுக் காட்டிவிட்டுச் சொன்னான்: "இவனை மட்டும் பாலைவனத்துக்குக் கூட்டிட்டுப் போனா, ஒட்டகமெல்லாம் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஓடிடும்!"

டெலிவரி விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியபோதுதான் கதவருகே ஐந்தாவதாக ஒரு சிரிப்பு கேட்டது. மாவு தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு, "நல்லா செய்றேப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார். பாலைவனம் என்ற பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டதே என்று மெழுகு கதவையே பார்த்தான். ஆனால் அவர் எதுவும் கேட்கவில்லை.

யாரோ ஒருவனுக்கான வேலைதானே என்று, பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் இளக்கி மேல் அச்சின்மேல் அழுத்தி, ஓரத்தை வெட்டிப் போட்டான். விளிம்பு சொரசொரவென்று இருந்தது. போதும், குறட்டை விடுகிறவனுக்கு இது போதும் என்று விட்டுவிட்டான். பிறகு கீழ் அச்சை எடுத்து விளக்கடியில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தான்.

இடதுபக்கக் கோரைப்பல் பாதிதான் இருந்தது. சாய்வாக உடைந்து, பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து நின்றது.

மெழுகின் கை நின்றுவிட்டது. அந்தப் பல் உடைந்த நாள் அவனுக்குத் தெரியும். அவன் குடும்பம் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடிவந்த அன்று, பீரோவைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். மேலிருந்து பிடித்தது மெழுகு, கீழிருந்து தாங்கியது மாவு. மெழுகின் கையில் கயிறு நழுவியது. பீரோவின் மூலை மாவின் தாடையில் இறங்கியது. கைக்குட்டையில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பல்லுக்கு என்ன பஞ்சம், நம்ம லேப்லயே கட்டிக்கலாம்" என்று சிரித்தவர், பீரோவை மாடியில் வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டினார்கள், அந்தப் பாதிப் பல் அப்படியே நின்றுவிட்டது. வாய்விட்டுச் சிரிக்கும்போது தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்புகூடத் தெரிந்திருக்கும். மெழுகு நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்படியானால் பயணப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே தனக்குத் தெரிந்த மருத்துவரிடம் போய், வாயைத் திறந்து அச்செடுத்துக்கொண்டு, தன் பல்லுக்குத் தானே மாவு ஊற்றி, பெயர் எழுதாமல் வரிசையில் வைத்திருக்கிறார். எதற்கு? கூட வருவதற்கு. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கூட வருவதற்கு. அந்தப் பல்லைத்தான் அவன் கையில் பிடித்து ஆட்டி, அவர் கண்ணெதிரிலேயே குறட்டை விட்டுக் காட்டியிருக்கிறான்.

காது மடல் இரண்டும் நெருப்பாகச் சுட்டன. செத்துவிடலாம்போல் இருந்தது என்று சொல்வார்களே, அதெல்லாம் இல்லை. யாராவது வந்து செவிளில் இரண்டு விட்டால் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை. பாலிஷ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தான்.

செய்து வைத்திருந்த தகட்டை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டான். முதலிலிருந்து தொடங்கினான். சாப்பிடப் போகவில்லை. விளிம்பை உதட்டில் உரசிப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். அந்த உடைந்த பல்லின் இடத்தில் குத்தாமலிருக்க உள்ளே மெத்தென்று விட்டான். அவன் கையிலிருந்து அவ்வளவு ஒழுங்கான வேலை அதற்குமுன் வந்ததில்லை. நல்ல வேலை செய்து வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்போல. அது தீரவில்லை.

பின்னறையில் மாவு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தகட்டை நீட்டினான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"அந்தப் பல்லுண்ணே."

"ஆமா, அது ஒண்ணு இருக்கில்ல. காட்டிக்குடுத்துடுச்சு."

"அண்ணே, அந்த லீவு விஷயம்... நான்..."

"தெரியும்ப்பா."

மெழுகு நிமிர்ந்தான். மாவு தகட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டுப் போனது மனசைப் பிசைஞ்சுது. மறுநாளே முதலாளிகிட்ட போனேன். பசங்க ஆசைப்படறாங்க, அவங்களை அனுப்பிடுங்க, நான் இருந்து வேலையைப் பாத்துக்கறேன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. அஞ்சு பேருக்கும் அப்பவே லீவு குடுத்துட்டேனேன்னாரு."

மெழுகு அசட்டுத்தனமாக ஒன்றைக் கேட்டான். "அப்போ இந்தத் தட்டை ஏண்ணே வரிசையிலேயே விட்டீங்க?"

"திருப்பி எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பீங்க. உனக்குத்தான் சங்கடம்."

"உங்களுக்குக் குறட்டை விஷயம் யார்ண்ணே சொன்னா?"

"யார் சொல்லணும்? போன வருஷம் காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், நாலு போர்வையும் கூடாரத்துக்கு வெளியில கிடக்கு. குளிருன்னு சொன்னீங்க. குளிருக்குப் பயந்து எவனாவது வெளியில வந்து படுப்பானா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாதிப் பல் தெரிந்தது.

தகட்டை வாயில் மாட்டித் தாடையை அசைத்துப் பார்த்தார். "நல்லா பொழுந்துது," என்றார் குழறலாக. கழற்றிவிட்டு, "கை நல்ல கை. நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

"வாங்கண்ணே. நாளைக்கு அஞ்சு பேருமே போவோம். நான் அவங்ககிட்ட பேசறேன். இதான் இருக்கே."

மாவு தகட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று மெழுகு தேடினான். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பான்.

"இல்லப்பா. நான் படுத்தவுடனே தூங்கிடுவேன். நீங்க நாலு பேரும் சத்தம் வருதா, வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடப்பீங்க. அப்புறம் அவன் எப்படி வண்டி ஓட்டுவான்? போயிட்டு வாங்க. தார்ப்பாயும் கேனும் பின்கதவுகிட்ட இருக்கு, மறக்காம எடுத்துக்குங்க."

முன்னறைக்கு வந்து மெழுகு நடந்ததை மூவரிடமும் சொன்னான். பாலிஷ் இயந்திரத்தை நிறுத்தினான். டெலிவரி நகத்தைப் பார்த்தான். "வேணும்னா நாமளும் போகாம இருந்துடலாமா?" என்று உலை கேட்டான். கேட்ட குரலிலேயே 'வேண்டாம்' என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசை இருந்தது. டெலிவரி எழுந்துபோய்த் தார்ப்பாயை வேனில் ஏற்றினான்.

சாயங்காலம் மெழுகு வீட்டுக்குப் போனபோது, மனைவி கட்டிலில் போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் முகத்தில் ஒரு தனிக் களை இருந்தது. அவன் சட்டையைக் கழற்றுவதற்குள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா வந்துட்டு இப்பத்தான் போனா. ஒரே உங்க புராணம்தான்."

"என்னைப் பத்தியா?"

"அத்தான் சொன்னாராம். நீங்க கையைப் பிடிச்சு இழுக்காத குறையா அவரைக் கூப்பிட்டீங்களாமே. அவர்தான் முட்டி வலிக்குது, குளிரு ஒத்துக்காதுன்னு மறுத்துட்டாராம். 'அவன் எவ்வளவு கெஞ்சினான் தெரியுமா'ன்னு ரெண்டு நாளா இதே பேச்சாம். அக்காவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. 'என் வீட்டுக்காரரை மதிக்கற ஆளு ஒருத்தராவது இருக்காரே'ன்னு சொல்றா." அவள் ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து நீட்டினாள். "இதை உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கார். காதை மூடிக்கணுமாம், அங்க காத்து காதைத்தான் முதல்ல பிடிக்குமாம்."

இரண்டு நாளாக. அப்படியானால் முதலாளியிடமிருந்து எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், அக்காள் தங்கைக்கு நடுவில் எதுவும் வந்துவிடக்கூடாது என்று வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிவைத்திருக்கிறார். இன்று மதியம் அவன் கெஞ்சுவதற்கு முன்பே, அவன் கெஞ்சியதாகச் சொல்லிவிட்டார்.

தொப்பியின் மடிப்பில் மாவு இருந்தது. எவ்வளவு துவைத்தாலும் அவர் துணியில் அது போகாது. மெழுகு அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பேசாமல் தலையில் மாட்டிக்கொண்டு நல்லவனாகவே இருந்துவிடலாம். அதற்கு வழியெல்லாம் திறந்துதான் இருந்தது. மனைவி அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று அவனுக்கே சந்தேகம். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் கூப்பிடவே இல்லை," என்றான்.

"என்னது?"

"நான் அவரைக் கூப்பிடலை. வரக்கூடாதுன்னு பொய் சொல்லிக் கழட்டிவிட்டதே நான்தான். அவருக்கு அது தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டகத்தையும் விடவில்லை. அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வை பாதி மடிப்போடு மடியில் கிடந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தான். அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி, அவனுக்குத் தராமல், தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட இதைச் சொல்லித் தொலைச்சுடாதீங்க," என்றாள், மடியில் கிடந்த போர்வையை மறுபடி மடித்தபடி. "அவளாவது உங்களை நல்லவர்னு நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும்."